கப்பல்தான் லைட் டேயாம்!

போன புதன்கிழமை சாயங்காலம் நடந்தது இது. அந்தமானில், போர்ட் பிளேர் பத்துபஸ்தியில் எங்கள் ஜிம். கீழே ஹார்டுவேர் கடை, மேலே நாங்கள். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருப்பதால் விமானம் இறங்கும்போதெல்லாம் சுவர்க் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடும். உப்புக் காற்றில் துருப்பிடித்த தட்டுகள், கைபட்டால் உள்ளங்கையெல்லாம் செம்மண் நிறம்... அந்த அழகான இடத்தில்தான் என் தோழி மல்லிகா தோளில் பாரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தாள்.

பாரும் தட்டுகளுமாகச் சேர்த்து எழுபது கிலோ. நிதானமாக ஐந்து முறை. கத்தல் இல்லை, பல்லைக் கடிப்பது இல்லை.

புதிதாகச் சேர்ந்த, ஹிந்தி பேசும் ஒரு பையா பார்த்துக்கொண்டே இருந்தார். நாற்பது வயது இருக்கும். சேர்ந்து மூன்று வாரம். புரோட்டீன் பாட்டிலைக் குலுக்கும் நேரத்தில் பாதியை எடை தூக்கச் செலவழித்தால் உருப்பட்டுவிடுவார். பக்கத்தில் வந்து, மிகுந்த கவலையோடு கேட்டார்: "க்யா தீதி, தபியத் கராப் ஹை க்யா? ஆஜ் இத்னா கம்?"

உடம்பு சரியில்லையா, இன்றைக்கு ஏன் இவ்வளவு கம்மி என்று விசாரணை. அடுத்தவர் குறைவாகத் தூக்கினால் மட்டும் இவர்களுக்கு எங்கிருந்துதான் வருகிறதோ இந்தக் கரிசனம்!

மல்லிகா அவருக்குச் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் திட்ட வேண்டியவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி நான்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் – நாற்பத்தெட்டு வயதில் பவர்லிஃப்டிங் பழகப்போன பைத்தியம் நான். பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது (இதுதான் ஸ்குவாட்), படுத்துக்கொண்டு நெஞ்சிலிருந்து தள்ளுவது, தரையிலிருந்து இடுப்புவரை தூக்குவது. இந்த மூன்றுதான் மொத்த விளையாட்டும். "வீட்டுல கேஸ் சிலிண்டர தூக்க மட்டும் என்னைக் கூப்பிடு" என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை முணுமுணுக்கிறார்.

மல்லிகா என்னைவிட ஏழு வயது சின்னவள். லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பேயில் பிறந்தவள். அப்பா அங்கே பாமாயில் தோட்டத்தில் வேலை பார்த்தவர். இவள் இப்போது இங்கே ஒரு அரசு ஆபீசில் கிளார்க். கணவர் கான்ட்ராக்ட் வேலையாகப் பாதி மாதம் வடக்கே திக்லிபூரில் இருப்பார். இரண்டு பிள்ளைகள், சமையல், ஆபீஸ் எல்லாம் முடித்துவிட்டு ஜிம்முக்கு வந்து நூறு கிலோவைத் தோளில் வைப்பாள்.

சென்னையில் ஒரு ஓப்பன் போட்டி, நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் பிரிவு இருக்கிறது என்று தெரிந்ததும், நான்தான் "போறியா?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"ரேஷன் கார்டுல நான் இன்னாரோட பொண்டாட்டி. ஷிப் டிக்கெட்டுல இன்னாரோட மக. ஆபீஸ் லிஸ்ட்ல சீரியல் நம்பர் பதினாலு. ரிசல்ட் ஷீட்டுல என் பேருக்கு நேரா, நானே தூக்குன ஒரு நம்பர் வரணும்க்கா. ஒரே ஒரு தடவை. கடைசியா வந்தாலும் பரவால்ல."

நம்பர் வருவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்று தூக்கலிலும், தலா மூன்று வாய்ப்புகளில், குறைந்தது ஒரு தடவையாவது சரியாகத் தூக்க வேண்டும். ஒன்றில் கோட்டைவிட்டால் மொத்தமே கிடையாது. பெயருக்கு நேராக ஒரு கோடு போட்டுவிடுவார்கள். மல்லிகாவுக்கு அந்தக் கோட்டை நினைத்தால்தான் பயம்.

ஆபீசில் லீவ் கேட்கப் போனாள். தீவில் இருந்து மெயின்லேண்ட் போக மூன்று காரணங்கள்தான் அனுமதிக்கப்பட்டவை. ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு. "இதுல எது?" என்று கேட்டாராம் அதிகாரி. "வெயிட் தூக்கப் போறேன் சார்" என்றாளாம். அவர் அதை மெடிக்கல் என்று எழுதிக்கொண்டாராம்!

சரி, பயிற்சிக்கு வருவோம். நான் ஒரு நோட்டுப் போட்டேன். திங்கள் ஹெவி, சிவப்பு மை. புதன் லைட், பச்சை மை. வெள்ளி நடுத்தரம், நீலம். பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஹெவி டே அன்று உடம்பை அடித்துப் போடுகிறோம். லைட் டே அன்று குறைந்த எடையில் அதே அசைவைச் சுத்தமாகச் செய்து, உடம்பு தன்னைச் சரிபண்ணிக்கொள்ள விடுகிறோம். பலம் வருவது இரண்டாவதில்தான். மாவை ஆட்டினோம் என்றால் புளிக்க விடுகிறோமா, இல்லையா? புளிக்க விடாமல் மறுபடி மறுபடி ஆட்டிக்கொண்டே இருந்தால் இட்லி எங்கிருந்து வரும்?

பத்து வாரம். எண்பத்தைந்தில் திணறிக்கொண்டிருந்தவள் நூற்றைந்து கிலோவை வைத்துக்கொண்டு சிரித்தபடி எழுந்தாள். லைட் டே எடை எழுபது. அந்தப் பச்சை மை நாட்களில் ஜிம்மில் அவளுக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? "மேடம், ஆஜ் ஃபாஸ்ட் ஹை க்யா?" – இன்றைக்கு விரதமா என்று ஒருவர். "வீட்டுல சண்டையா?" என்று இன்னொருவர்.

இந்த இடத்தில் நம் தனபால் மாஸ்டர் உள்ளே வருகிறார்.

மாஸ்டர் ஜிம் ஓனர். மதுரைப் பக்கத்துக் குடும்பம், பிறந்தது இங்கேதான். பத்து வாரமும் கல்லாவில் உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர், மல்லிகாவின் பெயர் சென்னைப் போட்டியில் பதிவாகிவிட்டது என்று தெரிந்த மறுநாள் திடீரென்று கோச் ஆகிவிட்டார். கழுத்தில் விசில் வேறு! எங்கள் ஜிம்மில் விசில் ஊதும்படியான வேலை என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நோட்டைப் புரட்டினார். கடைசி வாரம் முழுக்கப் பச்சை மை. போட்டிக்கு முந்தைய வாரம் லைட்டாகத்தான் இருக்க வேண்டும், உலகம் முழுக்க அப்படித்தான். மாஸ்டர் சிரித்தார்.

"லைட் வீக்கெல்லாம் மெயின்லேண்ட்காரனுக்கும்மா. அவனுக்கு ஷிப் கிடையாது. நமக்கு ஷிப்புல மூணு நாள் சும்மாதானே படுத்துக் கிடக்கப்போறோம்? அதான் லைட் டே. ஷிப் ஏறுற வரைக்கும் ஹெவி. சமஜ் கயா, புரிஞ்சுதா?"

தீவுக்காரர்களால் மட்டுமே செய்ய முடிந்த கணக்கு இது. நாங்கள் எல்லாவற்றையும் கப்பலை வைத்துத்தான் கணக்குப் போடுவோம். வெங்காயம், கல்யாணத் தேதி, பரீட்சைக்குப் படிப்பது – "ஷிப்புல மூணு நாள் இருக்கே, பாத்துக்கலாம்." அந்த மூன்று நாளில் சாதிக்கப்போவதாக நாங்கள் போட்டுவைத்திருக்கும் வேலைகளை ஒரு ஆயுளில் முடிக்க முடியாது.

மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் என்ன சொன்னேன்? "மாஸ்டர் சொல்றதும் ஒரு பாயின்ட்தான்" என்றேன். அடிப் பாவி, நோட்டு எழுதியது யார்? என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? மாஸ்டர் முதல்முறையாக என்னிடம் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார், அந்த மரியாதையில் உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு. அவ்வளவுதான் விஷயம்.

கப்பல் செவ்வாய்க்கிழமை. போட்டி அதற்கடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை. தாராளமான இடைவெளி. திங்களன்று மல்லிகா கடைசி ஹெவி செய்தாள். நூற்றைந்து. மாஸ்டர் விசில் ஊதினார். நான் வீடியோ எடுத்தேன்.

திங்கள் சாயங்காலமே அறிவிப்பு வந்துவிட்டது. கப்பல் வியாழன்தான்.

"கேப் விழக்கூடாது. பவர் இறங்கிடும்" என்றார் மாஸ்டர். புதன்கிழமை இன்னொரு கடைசி ஹெவி. கப்பல் வெள்ளிக்குப் போனது. வியாழன் மூன்றாவது கடைசி ஹெவி. கப்பல் ஞாயிறுக்குப் போனது. சனிக்கிழமை நான்காவது. அன்றைக்கு நூறு கிலோவில் அவள் கால் நடுங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, "சூப்பர் மல்லி, இன்னொண்ணு!" என்று கத்தினேன். கப்பல் திங்களுக்குப் போனது.

இந்தத் தீவில் இத்தனை வருடம் இருக்கிறேன். அறிவித்த தேதியில் கப்பல் கிளம்பும் என்று நம்பி, ஊருக்குக் கொண்டுபோக யாராவது ஒரு கிலோ மீனாவது முன்கூட்டியே வாங்குவார்களா? வாங்க மாட்டோம். கப்பல் பிந்தும் என்று கறிவேப்பிலைகூட இரண்டு நாளைக்குச் சேர்த்து வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு மனுஷியின் முதுகெலும்பை மட்டும் "நாளைக்கு ஷிப்" என்று நம்பி ஐந்து தடவை பணயம் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, ஐந்தாவது கடைசி ஹெவி. தொண்ணூற்றைந்து. இரண்டு வாரம் முன்பு பேசிக்கொண்டே தூக்கிய எடை. கீழே போனாள், மேலே வரவில்லை. பின்னால் நின்ற நான் பாரைப் பிடித்து இழுத்தேன். எப்படியோ ஸ்டாண்டில் மாட்டினோம். மல்லிகா இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் இறங்கியது. அவள் உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகுதான் கேட்டது.

"அக்கா, என்னால நிமிர முடியல."

மறுநாள் திங்கள். கப்பல் கிளம்பியது... அதற்கென்ன!

நான் துணைக்குப் போனேன். மாஸ்டர்? அவர் விமானத்தில் வருவதாகச் சொல்லிவிட்டார். ஆமாம், கப்பல்தான் ஓய்வு என்று சொன்ன மகான், வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் பறந்து வந்து இறங்குகிற ஏற்பாடு. ஓய்வை மொத்தமாக எங்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார். எவ்வளவு பெரிய மனசு!

அந்த "லைட் டே" எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? பங்க் கிளாஸ், அதாவது கப்பலின் அடித்தட்டில் அடுக்கடுக்காகப் படுக்கைகள். முதல் நாளே கடல் ஆட்டம். கப்பல் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் விழாமல் இருக்க உடம்பு முழுவதும் இறுகுகிறது. படுக்கைக் கம்பியைப் பிடித்துப் பிடித்து எனக்கே தோள் விட்டுப்போனது, இடுப்பு பிடித்துக்கொண்டவளுக்கு எப்படி இருக்கும்? இரண்டாம் நாள் குடித்த தண்ணீர்கூடத் தங்கவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குப் பருப்பு வாசனை வந்தாலே இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

கப்பல் டாக்டரிடம் கைத்தாங்கலாக அழைத்துப்போனேன். நல்ல மனிதர். அழுத்திப் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்புதான், எலும்புக்கு ஒன்றுமில்லை, கனமாக எதையும் தூக்காதீர்கள் என்றார்.

"டாக்டர், எழுபது கிலோ கனமா?" என்று கேட்டாள் மல்லிகா.

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். விவரமெல்லாம் கேட்டு முடித்த பிறகு, "வலி முழுசா விட்டா மட்டும். ஒவ்வொரு படியா ஏத்திப் பாருங்க. சுருக்குன்னா அதோட நிறுத்திடணும்" என்றார்.

படுக்கைக்குத் திரும்பியதும் அவள் கேட்டாள்: "அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன்ல? பச்சை மைன்னு எழுதியிருந்துச்சு. நான் சிவப்பு பண்ணிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளா தப்புப் பண்ணினாள்? எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு ஆளின் பாராட்டுக்காக அதை நானே கிழித்துப் போட்ட மாதிரி செய்துவிட்டேன். அதை அவளிடம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும்.

வியாழன் சாயங்காலம் சென்னை. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவளுடைய சித்தி வீட்டில் படுக்கை, வெந்நீர் ஒத்தடம், மெதுவாக நடை. ஞாயிறு காலையில் இடுப்புப் பிடிப்பு விட்டிருந்தது. குனிந்து தன் ஷூ லேஸைத் தானே கட்டினாள். ஒரு மாதிரி பெருமையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

போட்டி மண்டபம். ஏ.சி., பாட்டு, பளபளக்கிற தட்டுகள், துரு என்றால் என்னவென்றே தெரியாத பார். மாஸ்டர் முன்னதாகவே வந்து, அவள் பெயரில் முதல் அட்டெம்ப்டுக்கு நூற்றைந்து கிலோ என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"மாஸ்டர், முடியாது. இடுப்பு இப்பதான் சரியாயிருக்கு."

"அரே, ஸ்டேஜ் ஏறுனா வந்துரும்மா! எழுபது, எம்பதுன்னு போட்டா நம்ம ஜிம் மானம் என்ன ஆகுறது? இங்க எல்லாரும் பாக்குறாங்க."

யார் பார்க்கிறார்கள்? அந்த மண்டபத்தில் எங்கள் ஜிம்மைத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேரும் நாங்கள்தான். இருந்தாலும் மாஸ்டர் விசிலைச் சரிசெய்துகொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மல்லிகா நடந்துவிட்டாள். முதல் எடையைச் சுற்று தொடங்கச் சில நிமிடம் முன்புவரை மாற்றிக்கொள்ளலாம். நேராக மேஜைக்குப் போனாள்.

"சார், என் ஸ்குவாட் ஓப்பனர மாத்திக்கிறேன். எழுபது."

"எழுபதா? நூத்தஞ்சுல இருந்தா?" மேஜைக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

"ஆமா சார். எழுபது. அது எனக்கு நல்லாத் தெரியும்."

மாஸ்டர் ஐந்து வரிசை தள்ளிப்போய் உட்கார்ந்து, எங்களைத் தெரியாதவர்போல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்ம் அப்பில் வெறும் பார், நாற்பது, அறுபது. ஒவ்வொன்றுக்கும் பிறகு நான் முகத்தைப் பார்த்தேன். சுருக்கென்று எதுவும் இல்லை. அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். முழுப் பெயர், மைக்கில். ஊர், அந்தமான். மேடை ஏறி எழுபதைத் தோளில் வைத்தாள். குறைந்த எடை என்பதால் இவள்தான் முதல் ஆள், மற்றவர்கள் எல்லாரும் இவளுக்கு அடுத்து, நூறுக்கு மேல். பின்னால் யாரோ சிரித்தது என் காதில் விழுந்தது. மல்லிகா கீழே போனாள், பத்து வாரம் புதன்கிழமைகளில் எப்படிப் போனாளோ அதே மாதிரி. அடியில் ஒரு நொடி நின்றாள். எழுந்தாள். சரியான தூக்கல் என்று மூன்று நடுவர்களும் போட்ட மூன்று வெள்ளை விளக்கு.

மீதி இரண்டு வாய்ப்பையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படுத்துத் தள்ளுவதில் நாற்பத்திரண்டரை. தரையிலிருந்து தூக்குவதில் எண்பத்தைந்து. அதுவும் பச்சை மை எடைதான். கடைசி வெள்ளை விளக்கு எரிந்தபோது நான் போட்ட கத்தலில் ஏ.சி.யே நின்றிருக்க வேண்டும்.

மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றேழரை. அவள் பிரிவில் ஐந்து பேர், இவள் ஐந்தாவது. பெயருக்கு நேராகக் கோடு இல்லை. நம்பர் இருந்தது. ரிசல்ட் ஷீட்டை வாங்கி, நாலாக மடிக்காமல், சித்தி வீட்டுக் காலண்டருக்குள் சுருட்டி வைத்து, திரும்பும் கப்பலில் மூன்று நாளும் கையிலேயே கொண்டுவந்தாள்.

மாஸ்டர்? நம்பர் வந்த அடுத்த நிமிடம் ஐந்து வரிசையையும் தாண்டி வந்து போட்டோவில் நடுவில் நின்றார். நாங்கள் போர்ட் பிளேர் இறங்குவதற்குள் ஜிம் வாசலில் ஃபிளெக்ஸ். "மாஸ்டரின் கடும் பயிற்சியில் சென்னையில் சாதனை!" அவர் படம் பூசணிக்காய் அளவு, மல்லிகா படம் எலுமிச்சை அளவு. கடும் பயிற்சியாம்! அந்தக் கடும் பயிற்சியிலிருந்து பிழைத்து வந்ததல்லவா சாதனை?

மாஸ்டர் ஒருவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. சுற்றிப் பாருங்கள். லீவே போடாமல் வேலை பார்க்கிறேன் என்று மார் தட்டுகிற ஆபீசர்கள். ஞாயிற்றுக்கிழமையும் டியூஷனுக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு ஏன் மார்க் வரவில்லை என்று அலறுகிற பெற்றோர். "நான் ஒரு நிமிஷம் உட்கார்ந்ததில்லை" என்பதையே பட்டம் மாதிரி சொல்லிக்கொள்கிற நம் பெண்கள். கஷ்டப்படுகிற மாதிரி தெரிய வேண்டும், அதுதான் முக்கியம். உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் எல்லாருக்கும் எரிகிறது. ஹெவி டேயில் கத்த எல்லாராலும் முடியும். பத்துப் பேர் பார்க்கும்போது குறைவான எடையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் நெஞ்சு வேண்டும்.

சரி, போன புதன்கிழமைக்கு வருவோம். "தபியத் கராப் ஹை க்யா?" என்று கேட்டாரே, அந்தப் பையா?

மல்லிகா பாரை ஸ்டாண்டில் மாட்டினாள். வியர்வையைத் துடைத்தாள். கண்ணாடியின் ஓரத்தில், அவளே நான்கு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருக்கிற ரிசல்ட் ஷீட்டைக் காட்டினாள்.

"பையா, உதர் மேரா நாம் லிக்கா ஹை. இஸீ சத்தர் ஸே."

அங்கே என் பெயர் எழுதியிருக்கிறது, இதே எழுபதால். அவர் பாட்டிலைக் குலுக்குவதை நிறுத்திவிட்டு, கிட்டே போய், எழுத்துக்கூட்டிப் படித்தார். கல்லாவில் மாஸ்டர் கிரிக்கெட்டின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

இன்றைக்கு எனக்கும் லைட் டே. அதனால் திட்டை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.